பிரிஜிட் திருநாள்: விடுபட்ட பாதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்தில் பிப்ரவரி முதல் நாளன்று வசந்தத்தை வரவேற்கும் இம்போல்க் விழாவைப் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்தி, அதைப் புனித பிரிஜிட்டின் நினைவு நாள் என்ற அளவில் சுருக்கிவிட்டது. கவிதை, மருத்துவம், கொல்லர் தொழில் ஆகியவற்றுக்குரிய தெய்வமாகப் பழைய ஐரிஷ் ஏடுகள் போற்றும் தேவியின் பெயரும் பிரிஜிட்தான். தேவியின் கதை எங்கே முடிந்து புனிதரின் கதை எங்கே தொடங்குகிறது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அயர்லாந்தின் கில்டேர் ஊரில் புனிதர் நிறுவியதாகச் சொல்லப்படும் மடத்துக் கன்னியர் அணையாமல் காத்த நெருப்பைப் பற்றி 12ஆம் நூற்றாண்டுக் குறிப்பே உண்டு; அதைச் சுற்றியிருந்த வேலிக்குள் ஆண்கள் நுழையக் கூடாதாம். பிற்காலத்தில் அணைந்துபோன அச்சுடரை 1993இல் மீண்டும் ஏற்றியவர்களும் கன்னியாஸ்திரிகளே என்பதால், திருச்சபை தேவியை அழித்துவிட்டது என்ற வழக்கமான குற்றச்சாட்டையும் என்னால் முழுதாக ஏற்க இயலவில்லை.

செய்தியில் வீட்டுச் சடங்குகளும் விடுபட்டுள்ளன. முந்தைய நாள் மாலையில் பச்சைக் கோரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, நான்கு முனைகளையும் கட்டி, சிலுவையாக முடைந்து வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். இரவில் பிரிஜிட் கடந்து செல்கையில் ஆசியளிப்பாள் என்று வெளியே போட்டுவைக்கும் துணியைத் தலைவலிக்கு மருந்தாகப் பத்திரப்படுத்துவதும் உண்டு. 2023 முதல் அந்நாட்டு அரசு இத்திருநாளுக்குப் பொது விடுமுறையும் அளித்து வருகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்