ஐந்தாவது பிறந்தநாளுக்கு 74,500 ரூபாயா? தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாப்பாவின் பிறந்தநாளுக்கென்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய ஹால் கொட்டேஷனைப் பார்த்தேன். ஹால் வாடகை 12,000. தட்டுக்கு 450 வீதம் 60 தட்டு மினிமம் கேரண்டி, அது 27,000. பலூன் டெக்கரேஷன் 15,000, மூன்று கிலோ தீம் கேக் 4,500, போட்டோகிராபர் 10,000, ரிட்டர்ன் கிஃப்ட் 40 பேருக்கு 6,000. கூட்டினால் 74,500. ஆடியில் கல்யாணம் காட்சி இல்லாமல் ஹாலெல்லாம் காற்று வாங்கும் நேரத்திலேயே இந்த ரேட்! இதற்காக மாப்பிள்ளை சீட்டுப் பணத்தை எடுக்கப் போகிறார் என்று வேறு எழுதியிருக்கிறாய். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஊர் பார்க்க எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே, இதே மாதிரி கொட்டேஷனை வைத்துக்கொண்டு முழிக்கிற அம்மாக்கள் உன் அபார்ட்மெண்ட்டிலேயே நாலு பேராவது இருப்பார்கள்.

அந்தக் கொட்டேஷனை இன்னொரு தடவை நிதானமாகப் பார். அதில் பாப்பாவுக்கென்று என்ன இருக்கிறது? கேக், பலூன், அவ்வளவுதான். பாப்பா வகுப்பிலிருந்து எட்டுப் பிள்ளைகள், அபார்ட்மெண்ட்டில் ஏழு, ஆக 15 பேர் அவள் கூப்பிடச் சொன்னவர்கள். மற்ற 45 தட்டும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர், மாப்பிள்ளையின் ஆபீஸ், உன் மாமியார் வழி, நம் வழி. ஆபீஸ்காரர்கள் வேலை முடிந்து வரவேண்டும் என்று ஏழு மணிக்கு வைப்பீர்கள், பெரிய மாமா தாம்பரத்திலிருந்து வந்து சேரும்வரை கேக்கை வெட்ட மாட்டீர்கள், எட்டேகாலுக்குப் பாப்பா அந்த வலை வைத்த கவுன் அரிக்கிறது என்று அழுதுகொண்டு நிற்பாள், போட்டோகிராபர் "பாப்பா இங்க பாருங்க" என்று கத்திக்கொண்டிருப்பார். எந்த ஹாலுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நீயும் பார்த்திருக்கிறாய்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பலூனில் நூறு, கேக்கில் இருநூறு என்று கிள்ளிக்கொண்டிருக்காதே. பெரியவர்களையும் பிள்ளைகளையும் பிரித்துவிடு. நமக்குத்தான் வசதியாக இரண்டு பிறந்தநாள் இருக்கிறதே! பாப்பாவின் நட்சத்திரம் இந்த வருஷம் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுகிறது. அன்றைக்குக் காலையில் கோயிலில் அவள் பெயருக்கு ஒரு அர்ச்சனை, வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு, உன் மாமியார் மாமனார், நம் அம்மா அப்பா, பெரிய மாமா, அத்தை என்று ஒரு பத்துப் பேர். சமையலை மாமியாரிடமே கேட்டுச் செய். அவருக்கும் பேத்திக்குத் தன் கையால் செய்த திருப்தி, உனக்கும் "சாப்பாடு கூடப் போடாமல் சமோசாவைக் கொடுத்து அனுப்பினாள்" என்ற பேச்சு இருக்காது. ஆபீஸ்காரர்களுக்கு மாப்பிள்ளை ஆபீஸிலேயே ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோனால் போதும், அவர்களும் ஒரு சாயங்காலம் தப்பித்தது என்று நிம்மதி அடைவார்கள்.

தேதி அன்று சாயங்காலம் பிள்ளைகளுக்கு மட்டும். நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்துவிடு, அழைப்பில் இரண்டு நேரத்தையும் போட்டுவிடு. இந்த நேரத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஏழு மணிக்கு ஒருவரைக் கூப்பிட்டால் சோறு போட்டே ஆகவேண்டும். நாலு மணிக்குக் கூப்பிட்டால் டிபன், யாரும் குறை சொல்ல முடியாது. கூட வருகிற அம்மா, குட்டித் தம்பி எல்லாரையும் சேர்த்து 35 பேர் என்று வைத்துக்கொள். முனைக்கடையில் குட்டி சமோசா சொல்லிவிடு, வீட்டில் மினி இட்லி ஊற்றிப் பொடியும் நெய்யும் போட்டுப் புரட்டி வை, ஒரு பெரிய பாத்திரத்தில் எலுமிச்சை ஜூஸ், பெரியவர்களுக்கு ஃபிளாஸ்க்கில் காபி. ஐந்து வயசுப் பிள்ளை விளையாட்டு நடுவில் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாது. மினி இட்லியைக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிடலாம், தட்டு கூட வேண்டாம். மாப்பிள்ளை பிரியாணிதான் என்று பிடிவாதம் பிடித்தால் பக்கெட் பிரியாணி சொல்லுங்கள், ஒரு கிலோ அரிசி பக்கெட் எட்டுப் பேருக்குத் தாராளம். ஆனால் நான் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இடம் உன் மொட்டைமாடி. துணி காயப்போடுகிற கொடி இருக்கிறதல்லவா, அதுதான் உன் ஸ்டேஜ். அம்மாவிடம் அந்த மயில் கழுத்து நிறச் சுங்குடிப் புடவையும், உன்னிடம் இருக்கிற மஞ்சள் புடவையும் எடுத்து, கொசுவம் மாதிரி மடிப்பு வைத்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடு. கீழ் முனையில் தண்ணீர் பாட்டில் ஏதாவது கட்டு, இல்லாவிட்டால் காற்றுக்குக் கேக் மேல் வந்து விழும். அதற்கு மேல் தீபாவளிக்கு வாங்கின சீரியல் லைட். பலூன் நூறு உள்ள ஒரு பாக்கெட்டும் கையால் அடிக்கிற பம்பும் போதும். ஆனால் மாடி வெயிலில் மத்தியானமே கட்டினால் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று வெடிக்கும், ரூமில் ஊதி வைத்து மூன்றரைக்கு மேல் கொண்டுவா. சுவரில் டேப் மட்டும் ஒட்டாதே, பெயிண்ட்டோடு உரிந்து வரும், ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார். மேஜையைக் கைப்பிடிச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடு, பிள்ளைகள் எட்டிப் பார்க்க நாற்காலியை இழுத்துக்கொண்டு போவார்கள். சென்னை ஜூலையை நம்ப முடியாது, சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். அதனால் வீட்டு ஹாலில் சோபாவை ஒதுக்கி வைத்துவிடு, 15 பிள்ளைகள் அடங்குவார்கள்.

தெர்மாகோல் எழுத்து, பிளாஸ்டிக் குச்சி வைத்த பலூன், பிளாஸ்டிக் ஸ்பூன், இதெல்லாம் 2022 ஜூலை 1-லிருந்து நாடு முழுக்கத் தடை. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புக்கும் தட்டுக்கும் 2019 ஜனவரி 1-லிருந்தே தடை. அப்படியும் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். உன் வீட்டு எவர்சில்வர் டம்ளர், பக்கத்து வீட்டு டம்ளர், பாக்குமட்டைத் தட்டு, போதும்.

அப்புறம் கேக். மூன்று கிலோ மூன்றடுக்கு என்று போட்டிருக்கிறார்களே, சில இடங்களில் கீழடுக்கு டம்மியாக இருக்கும், தெர்மாகோல் மேல் கிரீம் பூசியிருப்பார்கள். அந்த ஃபாண்டன்ட் பொம்மைகளைப் பிள்ளைகள் நக்கிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்துவிடும், வெறும் சர்க்கரை மாவுதானே. 50 கிராம் துண்டாக வெட்டினால் ஒன்றரைக் கிலோவில் 30 துண்டு வரும், பெரியவர்கள் பாதிப் பேர் சுகர் என்று ஒதுங்கிவிடுவார்கள். உங்கள் தெருவிலேயே வீட்டில் கேக் செய்கிற அக்கா ஒருவர் உண்டு என்றாயே, அவரிடம் சாதா சாக்லேட் கேக் சொல். மேலே பாப்பா கேட்கிற யானையைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துக் குச்சியில் ஒட்டிக் குத்திவிடலாம். கடையில்தான் வாங்குவேன் என்றால் பில்லைப் பார்: கேக்குக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய 18-ஐயே போட்டால் கேள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்நோ ஸ்பிரே வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. டப்பாவுக்குள் இருப்பது தீப்பிடிக்கிற கேஸ், எரிகிற மெழுகுவர்த்தி மேல் அடித்தால் குழந்தையின் முகத்துக்கு நேரே தீ பிடிக்கும். பறக்கிற கேஸ் பலூனும் வேண்டாம், ஹீலியம் என்று சொல்லி ஹைட்ரஜனை அடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடு, குட்டித் தம்பிகள் வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைத்துவிடும்.

விளையாட்டுக்கு ஆங்கர், மிக்கி மவுஸ் வேஷம் எதுவும் வேண்டாம். மிக்கியைப் பார்த்துப் பாதிப் பிள்ளைகள் அலறுவார்கள். உறியடி வை. பானை வேண்டாம், ஓடு குத்தும். அட்டைப்பெட்டிக்கு கிரேப் பேப்பர் சுற்றி, உள்ளே மிட்டாயும் ஸ்டிக்கரும் போட்டு, அடிப்பக்கத்தை நூலால் லேசாகக் கட்டிக் கயிற்றில் தொங்கவிடு. மாப்பிள்ளை கயிற்றின் மறுமுனையைப் பிடித்து ஏற்றி இறக்கட்டும், அவருக்கும் ஒரு வேலை வேண்டுமே. ஒவ்வொருவருக்கும் மூன்று அடி, சுருட்டின செய்தித்தாள்தான் தடி. கடைசி முறை பாப்பாவுக்கு வரும்போது அவர் நூலை உருவிவிட வேண்டும். இதுவே முக்கால் மணி நேரம் ஓடும். அப்புறம் மியூசிக்கல் சேர், கல்லா மண்ணா, முடிந்தது.

ரிட்டர்ன் கிஃப்ட் இப்போது மொய் நோட்டு மாதிரி ஆகிவிட்டது, அவர்கள் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள், நாம் தண்ணீர் பாட்டிலாவது கொடுக்க வேண்டும் என்று. 15 பிள்ளைகளுக்கு மட்டும் கொடு, தலைக்கு 100 ரூபாய். தேனாம்பேட்டையில் பாரதி புத்தகாலயத்தில் சின்னச் சின்னத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் கிடைக்கும், பிரதம் புக்ஸ் படப் புத்தகங்களும் விலை குறைவு. ஒரு புத்தகம், ஒரு கிரேயான் பாக்கெட், முடிந்தது. பலூன், கிரேப் பேப்பர், கவர் எல்லாம் மொத்தமாக வாங்க பாரிமுனைக்குப் போ. காசிச் செட்டித் தெருவில் பொம்மை, ஃபேன்ஸி சாமான், ஆண்டர்சன் தெருவில் காகித வகை. மெட்ரோவில் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதே, மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பாப்பாவைக் கூட்டிப்போகாதே, மிச்சப்படுத்தினதெல்லாம் அங்கேயே போய்விடும்.

என் கணக்கு: நட்சத்திரச் சாப்பாடு 1,500, டிபன் 3,500, கேக் 1,500, அலங்காரம் 800, கிஃப்ட் 1,500, மிட்டாய், பரிசு 500. மொத்தம் 9,300. போட்டோ உன் கொழுந்தன் எடுப்பான், அவனிடம்தான் உன்னுடையதைவிட நல்ல போன் இருக்கிறது.

மாப்பிள்ளை சீட்டை எடுப்பதற்குள் இதை அவருக்குப் படித்துக் காட்டு. மாடிக்கு அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இந்த வாரமே கேட்டுவிடு, கடைசி நேரத்தில் கேட்டால் மீட்டிங் போட்டுச் சொல்கிறேன் என்பார். பலூன் பம்ப் என்னிடம் இருக்கிறது, வாங்காதே.

இப்படிக்கு,
அக்கா