எது லேட்டஸ்ட் டிராயிங்? சென்னை பில்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

சைட் இன்ஜினியர்கள் எங்களுக்குள் புலம்புவதைத்தான் எழுதுகிறேன், மீட்டிங்கில் நேராகச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. ஆர்க்கிடெக்ட் அனுப்பும் டிராயிங்கை நீங்கள் சைட் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள், அதற்குள் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் ஒரு பீமின் கம்பியை மாற்றி ஆர்3 (மூன்றாவது ரிவிஷன், அதாவது திருத்திய டிராயிங்) அனுப்பியிருப்பார், அது குட் மார்னிங் படங்களுக்கும் சிமென்ட் லோடு போட்டோக்களுக்கும் நடுவில் எங்கோ மேலே போய்விடும். கம்பி கட்டுபவர் போனில் இருப்பது ஆர்1. அதுவும் பிடிஎஃப் கிடையாது, யாரோ கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பியது. பெரிதாக்கிப் பார்த்தால் 16 எம்எம்மா 10 எம்எம்மா என்று பந்தயமே கட்டலாம். ரெடிமிக்ஸ் வண்டி வாசலில் நிற்கும்போது ஆளாளுக்குப் போனைத் தேய்க்கிறோம். பிளம்பிங் ஸ்லீவ் (கான்கிரீட்டில் குழாய் போக விடும் வழி) விட்டுப்போனாலாவது பிறகு தெரியும், கான்கிரீட்டுக்குள் போன கம்பியை யார் போய் எண்ணுவது?

சாஃப்ட்வேருக்கு லட்சக்கணக்கில் ஆகுமே என்பீர்கள். வேண்டாம். கட்டுமானத் தகவல்களைக் கையாள ஐஎஸ்ஓ 19650 என்று 2018-ல் ஒரு சர்வதேசத் தரநிலை வந்தது, படிக்கத் தூக்கம் வரும், ஆனால் விஷயம் எளிது: எல்லா ஆவணமும் ஒரே பொது இடத்தில் இருக்க வேண்டும், எது இன்னும் வரைந்துகொண்டிருப்பது, எது வேலைக்கு விட்டது, எது பழையது என்று ஒவ்வொன்றிலும் தெரிய வேண்டும். சின்ன பிராஜெக்டுக்கு கூகுள் டிரைவே போதும். டிராயிங் எண், ரிவிஷன், தேதி மூன்றும் ஃபைல் பெயரிலேயே இருக்கட்டும், பழையதை உடனே வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிடுங்கள், போடுகிற உரிமை ஒரே ஆளிடம் இருக்கட்டும் (தயவுசெய்து அது உங்கள் மச்சானாக இருக்க வேண்டாம்). வாட்ஸ்அப்பில் லிங்க் மட்டும் வரட்டும்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தில் எத்தனை வீடு புக் ஆனது, எந்த அனுமதி பாக்கி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சட்டப்படி ஏற்றுகிறீர்கள் இல்லையா? அதே 2016 ரியல் எஸ்டேட் சட்டம்தான், வேறு உள்ளூர்ச் சட்டம் இல்லாத இடத்தில் நிறைவுச் சான்றிதழ் வாங்கிய 30 நாளுக்குள் பிளான்களையும் ஆவணங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. சாவி கொடுத்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் செலவும் உங்கள் தலையில்தான். அப்போது அந்த ஸ்லாபின் 28 நாள் கியூப் டெஸ்ட் (கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் எங்கே என்று தேடுவீர்கள். அதை வைத்திருந்த பையன் துபாய் போயிருப்பான், ரிப்போர்ட்டும் அவன் பழைய போனோடு போயிருக்கும்.

சரி, அடுத்த பிராஜெக்டுக்குப் பூமி பூஜை போடும் அன்றைக்கே ஃபோல்டரையும் திறந்துவிடுங்கள், கம்பெனி மெயில் ஐடியில், யாருடைய சொந்த ஐடியிலும் வேண்டாம். அப்புறம், இப்போது ஓடுகிற சைட்டுகளில் இன்ஜினியர்கள் போனில் கிடப்பதையெல்லாம் இந்த மாதமே இறக்கி வையுங்கள், பாதிப் பேர் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு சைட் இன்ஜினியர்