குஞ்சப்பனைக்கு மேலே உன் பிரேக் போன கதை

அன்புள்ள தம்பிக்கு,

கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனைக்கு மேலே பிரேக் பிடிக்காமல் போனதைச் சொல்லி நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். சித்தியிடமும் பேசிவிட்டேன். ஐந்து பேரும் ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்ந்தீர்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொன்னதாகச் சித்தி சொன்னதும் எனக்கு மனசு கேட்கவில்லை. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம் அது. போனிலேயே சொல்லியிருக்கலாம். சீசனில் கோத்தகிரி வழியாக இறங்கப்போகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரை எங்கும் போடவில்லை.

உன் பதிவில் பாதிக்கு மேல் எதிரே வந்த பஸ், சித்தி போட்ட சத்தம், ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியது. உயிர் போய் வந்த நேரம் மனசை அடைத்துக்கொண்டு நிற்கத்தான் செய்யும். நடுவில் ஒரு வாக்கியத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாய்: "வியூ பாயிண்ட்ல நிறுத்தி கொஞ்ச நேரம் போட்டோ எடுத்துட்டுக் கிளம்பினோம், முதல் வளைவிலேயே பெடல் உள்ளே போயிடுச்சு." தம்பி, உனக்கு என்ன நடந்தது என்பது முழுக்க அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதற்குள் வண்டி ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் இறங்குகிறது. ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1,400 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த இறக்கம் விடுவிக்கும் சக்தி ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 60 லிட்டர் பச்சைத் தண்ணீரை அதில் கொதிக்க வைத்துவிடலாம். இரண்டாவது கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நீ பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டதாகச் சொன்னாய். அப்போது காற்று தடுப்பது போக மிச்சமெல்லாம் சக்கரத்திலுள்ள பிரேக் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும்தான் போகும். வண்டி ஓடும்வரை காற்று பட்டு ஓரளவு ஆறிக்கொண்டே வந்திருக்கும். நீ நிறுத்தியதும் காற்று நின்றது. சுட்டுப் பழுத்த டிஸ்க்கின் சூடு, அதை அழுத்திப் பிடிக்கும் பேட் வழியாக, பேட்டைத் தள்ளும் காலிப்பருக்கும், அதற்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கும் ஏறியது. நீங்கள் போட்டோ எடுத்த நேரத்தில் உள்ளே ஆயில் கொதித்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்தில் வரும் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தபின் அதே ஆயிலுக்கு 140 டிகிரிதான் கணக்கு. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்ததும் குழாய்க்குள் ஆவிக் குமிழி வந்துவிடும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீ மிதித்த மிதியெல்லாம் குமிழியை அமுக்குவதிலேயே போய்விட்டது, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வது, ஆயிலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அதனால்தான் அது பிடித்தது. முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது என்றும் சொன்னாய். ஆறியதும் குமிழி மறுபடி ஆயிலாகிவிட்டது, அவ்வளவுதான்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் கிழிந்தால் அது ஆறியதும் ஒட்டிக்கொள்ளாது. ஊருக்குப் போகிற வழியெல்லாம் உனக்குத் தொல்லை கொடுத்திருக்கும். சந்தேகம் இருந்தால் நீயே பார்க்கலாம்: இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பெடலை ஒரே அழுத்தமாக மிதித்துக்கொண்டிரு. ஆயில் எங்கும் கசியாமல் பெடல் மட்டும் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர்மேல் சந்தேகப்படு. இறங்காமல் நின்றால் அந்தச் செலவு வேண்டாம்.

செலவு போனால் போகட்டும், அதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டரை மாற்றினால் மேலே புது ஆயில் ஊற்றுவார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடும். "பார்ட் போயிடுச்சு, மாத்தினோம், சரியாயிடுச்சு" என்று நீயும் எல்லாரிடமும் சொல்வாய். நாலு சக்கரத்திலும் முழுசாக ஆயிலை வெளியே எடுக்காமல் விட்டிருந்தால் காலிப்பரில் பழைய ஆயில் அப்படியே கிடக்கும். அடுத்த வருஷம் மறுபடியும் நியூட்ரலில் இறங்குவாய். உன் கதையைக் கேட்டவர்களும் இறங்குவார்கள்.

எங்கள் ஒர்க்‌ஷாப் மலையடிவாரத்தில் இருப்பதால் இந்த மாதிரிக் கதைகள் எங்களிடம்தான் முதலில் வந்து நிற்கும், புகையும் நாற்றமுமாக. எல்லாரும் "பிரேக் பிடிக்கல" என்றுதான் சொல்வார்கள். "பெடல் எப்படி இருந்தது?" என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆவி அல்லது கசிவு. பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை, கருகிய வாடை அடிக்கிறது என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் மரக்கட்டையாக இறுகி, இரண்டு ஆள் பலம் கேட்டால், மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டருக்கு இன்ஜினிலிருந்து வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) போகவில்லை. இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு வருகிறவர்களுக்கு இது நடக்கும். இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவாது. ஒருபக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்தில் மட்டும் கோளாறு. நாலும் நாலு வியாதி, நாலுக்கும் மருந்து வேறு.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் வெளியூர் வண்டிகளைத் தலைகுந்தாவிலேயே போலீஸ் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது அல்லவா? அங்கே நிற்கிறவர்கள் பலர் கோபப்படுகிறார்கள். அந்த இறக்கத்தில் என்னென்ன நடந்தது என்று தெரிந்தவன் யாரும் கோபப்பட மாட்டான்.

இது பிரேக்குக்கு மட்டும் உரியதல்ல. ஒரு வாடகை வண்டி டிரைவர் எங்களிடம் வந்தார். காலை எடுத்த பிறகும் இன்ஜின் தானாக உறுமி ஏறியது, சாவியைத் திருப்பி எடுத்துவிட்டும் நிற்கவில்லை, பின்னால் ரோடே தெரியாத அளவுக்குப் புகை என்று சொல்லும்போது அவருக்கு இன்னும் கை நடுங்கியது. பேய் பிடித்ததாகவே அவர் நினைத்தார். கேட்கக் கேட்கத்தான், கொஞ்ச காலமாகவே இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டு வந்ததும், அவர் ஊற்றி ஊற்றி ஓட்டியதும் வெளியே வந்தது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் ஆயில் சீல் போய், இன்ஜின் தன்னுடைய ஆயிலையே காற்றோடு இழுத்து எரித்து ஓடியிருக்கிறது. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம், எரிய ஏதாவது கிடைத்தால் போதும். சாவிக்கு அங்கே வேலை இல்லை. அவர் பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினை அடக்கினார். அந்த நேரத்தில் அது தோன்றியதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் டீக்கடையில் அவர் சொல்லும் கதையில் புகை இருக்கும், உறுமல் இருக்கும், ஆயில் குறைந்தது மட்டும் இருக்காது.

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் "டக்" என்று கேட்டதைப் பொருட்படுத்தாமல் ஓட்டி, ஒருநாள் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பால் ஜாயிண்ட் கழன்று சக்கரம் மடங்கி உட்கார்ந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் சக்கரம் மடங்கியதைத்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும், எனக்கு அது மறக்கவே மறக்காது. 2009 ஆகஸ்ட் 28, கலிபோர்னியாவில் சான் டியாகோ பக்கம் சான்டீ என்ற ஊர். ஒரு நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, சர்வீஸுக்கு விட்ட தன் வண்டிக்குப் பதிலாக டீலர் கொடுத்த லெக்ஸஸ் ஈஎஸ் 350 காரில் குடும்பத்தோடு போகிறார். ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை. காருக்குள்ளிருந்தே அவசர எண்ணுக்குப் பேசினார்கள். அப்படியே மோதி நாலு பேரும் இறந்துபோனார்கள். வேறு மாடலுக்கு உரிய தடித்த ரப்பர் மேட்டை அந்தக் காரில் போட்டிருந்தார்கள், அது பெடலைப் பிடித்துக்கொண்டது. விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. சில நாள் முன்பு அதே காரை எடுத்துப்போன வேறொருவருக்கும் இதே போல் பெடல் சிக்கியிருக்கிறது. அவர் நியூட்ரலுக்குத் தள்ளி ஓரங்கட்டி, குனிந்து பார்த்து, பெடலில் சிக்கிய மேட்டை விடுவித்தார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் சொல்லவும் செய்தார். சொன்னது அந்த மேசையைத் தாண்டி மெக்கானிக் காதுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு லெக்ஸஸைத் தயாரிக்கும் டொயோட்டா, மேட் விவகாரத்துக்காக 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எலக்ட்ரானிக்ஸ்தான் கோளாறு என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பியதால், அமெரிக்க அரசு நாசாவின் இன்ஜினியர்களைக் கொண்டு ஆராய வைத்தது. எலக்ட்ரானிக் காரணம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவித்தார்கள். எனக்கு அந்த ஆராய்ச்சியைவிட, குனிந்து மேட்டைப் பார்த்த அந்த மனிதர்தான் பெரியவராகத் தெரிகிறார். வண்டி நின்றதும் ஓடிப்போகாமல், ஏன் இப்படி ஆனது என்று பார்த்தார். பார்த்ததைப் போய்ச் சொன்னார். அவர் பேச்சை எழுதி வைத்துக்கொள்ள ஒரு ஆள் இருந்திருந்தால் நாலு உயிர் பிழைத்திருக்கும்.

இன்னொன்று ஜெனரல் மோட்டார்ஸின் சாவி ஸ்விட்ச். 2010 மார்ச்சில் ஜார்ஜியாவில் ஒரு இளம்பெண் செவ்ரோலே கோபால்ட் காரில் போய் விபத்தில் இறந்தார். ஓட்டத்திலேயே இன்ஜின் நின்றுபோகிறது என்று சில நாள் முன்புதான் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிருந்தார். விபத்துக்குச் சில நொடி முன்பு சாவி ரன் நிலையிலிருந்து நழுவிவிட்டதாகக் காரின் பதிவுக் கருவி காட்டியது. குடும்பத்தின் வக்கீலுக்காக வேலை செய்த மார்க் ஹூட் என்ற இன்ஜினியர், கடையில் ஒரு புது ஸ்விட்சை வாங்கிவந்து பழையதோடு பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஸ்பிரிங்கும் அதன் முனையும் மாறியிருந்தன, புதியது இறுக்கமாக இருந்தது. பார்ட் நம்பர் மட்டும் அதே நம்பர். பழைய ஸ்விட்ச் தொளதொளப்பானது என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது, மாற்றியும் இருக்கிறார்கள், வெளியே சொல்லவில்லை. 2014இல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்த ஸ்விட்சால் போன உயிர் 124 என்று நஷ்டஈட்டு நிதி கணக்கு வைத்தது. அந்தக் கார்களை ஓட்டியவர்கள் "கார் திடீரென்று நின்றுபோனது" என்று தனித்தனியாகச் சொன்ன காலம் பல வருஷம்.

அதனால்தான் உன்னை விடாமல் கேட்கிறேன். உன் கதையைச் சொல், நன்றாகச் சொல், கல்யாண வீட்டில் சொல், ஆபீசில் சொல். பஸ்ஸையும் சொல், சித்தி போட்ட சத்தத்தையும் சொல். கூடவே நியூட்ரலில் வந்ததைச் சொல், போட்டோவுக்கு நிறுத்தியதைச் சொல், ஆறியபின் பெடல் திரும்பி வந்ததைச் சொல். கேட்கிற யாராவது ஒருவர் அடுத்த மாதம் மலை இறங்கும்போது இரண்டாவது கியர் போடுவார். பிரேக்கை எப்போதும் தடவிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் ஒரு தடவை அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே காலை எடுப்பார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஒர்க்‌ஷாப்பில் நான் சொன்னபடி மிதித்துப் பார்த்துப் பெடல் இறங்கவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரில் கை வைக்க வேண்டாம் என்று சொல். நாலு சக்கரத்திலும் புது ஆயில் வரும்வரை பழையதை முழுசாக எடுத்து, குழாயில் காற்று இல்லாமல் ஏர் பிடுங்கச் சொல். டாட் 3ஆ டாட் 4ஆ என்று ஆயில் டேங்க் மூடியில் போட்டிருக்கும், அதையே ஊற்றச் சொல், சீல் உடைக்காத டப்பாவிலிருந்து. பேட் நாலையும் கழற்றிப் பார்க்கச் சொல். மேலே கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் மாற்றிவிடு. எடுத்த பழைய ஆயிலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து எனக்குப் படம் அனுப்பு.

அப்புறம் மூன்று கேள்விக்கு யோசித்துப் பதில் போடு. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறதா? வியூ பாயிண்டில் இறங்கியபோதே கருகிய வாடை வந்ததா, மறுபடி கிளம்பிய பிறகா? புகை முன் சக்கரம் இரண்டிலும் வந்ததா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக் காலிப்பர் இறுகிப் பிடித்திருக்கலாம். அப்படியானால் நான் மேலே எழுதியது பாதிதான். வண்டியை எடுக்காமல் எனக்கு உடனே போன் போடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மேட்டுப்பாளையத்து அண்ணன்