மேலுறையில் அச்சடித்த ஆம்பியரை நம்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேப் எனப்படும் மின்சிகரெட்டைத் தடை செய்ய வேண்டுமா, கூடாதா என்று தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நிக்கோட்டின் பற்றி எழுதுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் கையில் அது புழங்குவது பற்றி எழுதுகிறார்கள். இரண்டும் எழுத வேண்டியவைதான். ஆனால் அந்தக் கருவிக்குள் இருக்கும் பேட்டரியைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. 31 ஆண்டுகள் தொழிற்சாலையில் மின்சாரப் பொறுப்பாளராக, அதாவது சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மின்சாரம்தான் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

கடந்த தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை என் அண்ணன் மகன் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குத் துணி எடுக்கப் போயிருந்தான். லோரி ஓட்டுகிறவன், வயது 27. பத்தொன்பது வயதில் பிடித்த சிகரெட்டை விட முடியாமல் வேப்புக்கு மாறியவன். வெளியே போகும்போது ஓர் உபரி பேட்டரியை எப்போதும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அன்றும் போட்டிருந்தான். அதே பையில் லோரிச் சாவியும் கொஞ்சம் சில்லறையும் இருந்தன. "முதல்ல தொடை சுட்டுச்சு சித்தப்பா, கைபேசின்னு நெனச்சேன். கைய விடுறதுக்குள்ள சீறிடுச்சு" என்று பிறகு சொன்னான். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது. ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தான். வேறு இடத்தில் தோல் எடுத்து ஒட்டினார்கள். அந்தத் தீபாவளிக்கு அண்ணி வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை.

வெடித்ததோடு சேர்த்து வாங்கிய இன்னொரு பேட்டரி அவன் அறையில் இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஊதா நிற மேலுறை, பொன்னிற எழுத்து. கொள்ளளவு 5000 மில்லிஆம்பியர் மணி, தொடர்ந்து தரக்கூடிய மின்னோட்டம் 40 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றி, அரை ஆம்பியர் பளு கொடுத்து இறக்கிப் பார்த்தேன். கொள்ளளவு 1140 மில்லிஆம்பியர் மணியிலேயே நின்றுவிட்டது. சந்தேகம் வந்து சவர பிளேடால் மேலுறையைக் கீறி உரித்தேன். உள்ளே நிறம் மங்கிய பழைய உலோகம். அடிப்பக்கத்தில் சின்னச் சின்னதாக நான்கு புள்ளிகள், ஒரு புள்ளியில் தகட்டின் கிழிசல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஸ்பாட் வெல்டிங் செய்து பிய்த்தெடுத்த தடம். பழைய மடிக்கணினி பேட்டரியை உடைத்து, உள்ளே இருந்ததை எடுத்து, புது மேலுறை போட்டு விற்றிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இந்த அளவு பேட்டரிக்கு 18650 என்று பெயர். குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிப்பது. நல்ல நிறுவனங்களின் 18650 பேட்டரிகளில் நாம் கடையில் பார்க்கும் உச்சக் கொள்ளளவு 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும். 5000 என்றோ 9900 என்றோ போட்டிருந்தால் அது பொய், கையிலேயே எடுக்க வேண்டாம். அடுத்து ஆம்பியர். கொள்ளளவு கூடினால் பேட்டரி தாங்கும் ஆம்பியர் குறையும் என்பது பொது வழக்கம். சாம்சங் 25ஆர் என்பது 2500 கொள்ளளவு, 20 ஆம்பியர் தாங்கும். சோனி தயாரித்து இப்போது முராட்டா பெயரில் வரும் விடிசி5ஏ 2600 கொள்ளளவு, 25 ஆம்பியர். பேனசோனிக்கின் 3400 கொள்ளளவு பேட்டரியோ 5 ஆம்பியரைச் சுற்றித்தான் தொடர்ந்து தரும். அது மடிக்கணினிக்கு உகந்தது, வேப்புக்கு அல்ல. கொள்ளளவும் ஆம்பியரும் இரண்டுமே மிகப் பெரிதாக அச்சடித்த பேட்டரியைக் கண்டால் அதுவே எச்சரிக்கை.

பேட்டரியின் மேல் 18650 என்ற எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளையும் பாருங்கள். ஐசிஆர் என்றால் கோபால்ட் வகை, பளு அதிகமானால் சீக்கிரம் கொதித்துப் போகும். ஐஎம்ஆர் மாங்கனீசு வகை, ஐஎன்ஆர் நிக்கல் கலந்தது. பளு எடுக்கும் வேலைக்குப் பின்னிரண்டுதான் பொருத்தம்.

இனி வோல்ட்டுக்கு வருகிறேன். கருவியில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நம் பிள்ளைகள் வானொலியில் சத்தம் கூட்டுகிற மாதிரி நினைக்கிறார்கள். சத்தம் அல்ல அது, அடுப்பு. என் அண்ணன் மகன் முதலில் வைத்திருந்த பேனா வகைக் கருவியின் அடியில் ஒரு திருகு உண்டு, 3.3-லிருந்து 4.8 வோல்ட் வரை போகும். காயில் என்பது வேப் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள். 1.2 ஓம் காயிலுக்கு 3.7 வோல்ட் கொடுத்தால் சுமார் 11 வாட் சூடு. அதே காயிலுக்கு 4.8 கொடுத்தால் 19 வாட். திருகியது முப்பது விழுக்காடு, சூடு ஏறியது எழுபது விழுக்காட்டுக்குக் கிட்ட. வோல்ட்டின் வர்க்கத்தில் சூடு ஏறும் என்று பள்ளியில் படித்திருப்போம், படித்ததோடு மறந்திருப்போம்.

சுவை குறைந்தால் வோல்ட்டைக் கூட்டுவதுதான் இவர்கள் வழக்கம். காயில் பழசாகி, அதற்குத் திரவத்தை உறிஞ்சிக் கொடுக்கும் பஞ்சு கருகியிருந்தால் சுவை குறையத்தான் செய்யும். மாற்ற வேண்டியது காயிலை. காயிலின் மேல் இத்தனை வாட் முதல் இத்தனை வாட் வரை என்று பொறித்திருப்பார்கள். ஆகக் குறைந்த அளவில் தொடங்கி 0.1, 0.2 என்று ஏற்றி, போதும் என்று பட்ட இடத்தில் நிறுத்திவிட வேண்டும். தொண்டையில் கருகல் வாடை அடித்தால் அது பஞ்சு காய்கிறது என்று அர்த்தம், அதற்குமேல் இழுக்கவே கூடாது. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் பொருள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டது என்றார்கள். பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின் இருக்கிறதே, அதன் மூலப்பொருள் ஃபார்மால்டிஹைடுதான். அவ்வளவு கருகலோடு எவரும் இழுக்க மாட்டார்கள் என்று அந்தச் சோதனையை மறுத்தவர்களும் உண்டு. மறுத்தவர்கள் பேச்சை வைத்துக்கொண்டாலும், கருகியதை இழுக்காதே என்பதுதான் அங்கேயும் முடிவு. ஆனால் என் அண்ணன் மகன் கருகலோடு இழுத்தவன். "ஜூஸ் சரியில்லைன்னு நெனச்சேன்" என்றான், வேப் திரவத்தைத்தான் இவர்கள் ஜூஸ் என்பார்கள்.

பிறகு அவன் திரையுள்ள பெரிய கருவிக்குப் போனான். ஒரே பேட்டரி, 60 வாட் வரை வைக்கலாம். இப்படிப்பட்ட கருவியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளே இருக்கும் சிப் நாம் கேட்ட வாட்டை எப்பாடு பட்டாவது கொடுக்கப் பார்க்கும். பேட்டரி நிறைந்து 4.2 வோல்ட்டில் இருக்கும்போது 60 வாட்டுக்கு ஏறத்தாழ 16 ஆம்பியர் இழுக்கும். இறங்கி 3.3-க்கு வந்தபின் அதே 60 வாட்டுக்கு 20 ஆம்பியர் இழுக்கும், சிப்பில் வீணாகும் சூட்டுக்குப் பத்து விழுக்காடு வைத்துச் சொல்கிறேன். அதாவது பேட்டரி களைக்கக் களைக்கப் பளு ஏறுகிறது. லைன் வோல்ட் இறங்கினால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து வைண்டிங் கருகிப் போவதை எங்கள் தொழிலில் எல்லாரும் பார்த்திருப்போம். அதே கதைதான். ஆகவே பேட்டரி வாங்கும்போது நிறைந்த நிலையைக் கணக்கில் வைக்காமல் இறங்கிய நிலையைக் கணக்கில் வைக்க வேண்டும். நாம் வைக்கும் வாட்டை 3-ஆல் வகுத்து வரும் ஆம்பியரைத் தாங்குகிற பேட்டரியாக இருக்கட்டும். இரண்டு பேட்டரி போடும் கருவி என்றால் வாட் பாதியாகப் பிரியும், வகுத்த விடையில் பாதி போதும். ஆனால் அந்த இரண்டும் ஒரே வகை, ஒரே நாளில் வாங்கியவை, சேர்ந்தே சார்ஜ் ஏறி சேர்ந்தே இறங்குபவையாக இருக்க வேண்டும். புதிதோடு பழையதைச் சேர்த்தால் பழையதுதான் முதலில் சாகும், சாகும்போது சும்மா சாகாது. சிப்பே இல்லாமல் பேட்டரியை நேராகக் காயிலில் இணைக்கும் குழாய் வகைக் கருவிகள் இருக்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

பையில் ஏன் வெடித்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்ணன் உட்பட பலரும் "கருவியில போடாதப்ப எப்படி வெடிக்கும்" என்றுதான் கேட்டார்கள். இந்த பேட்டரியின் அடிப்பாகம் மட்டும் எதிர்முனை என்று நினைக்கிறோம். அப்படியல்ல, உடம்பு முழுவதுமே எதிர்முனை. தலையில் உள்ள சின்ன வட்டம் மட்டும் நேர்முனை. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வளையமும் காகிதம் போன்ற மேலுறையும்தான் காவல். தலைப்பக்க விளிம்பில் மேலுறை கொஞ்சம் கிழிந்து, அங்கே ஒரு சாவி குறுக்கே கிடந்தால் முழு ஷார்ட். ஃபியூஸ் எதுவும் வெளியே கிடையாது. தொடைக்கும் துணிக்கும் நடுவில் ஒரு வெல்டிங் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது என் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை அந்த நாட்டில் இப்படி வெடித்தும் எரிந்தும் போன 195 சம்பவங்களைக் கணக்கெடுத்தது, 133 பேர் காயப்பட்டார்கள். 2018-இல் ஃபுளோரிடாவில் ஒருவரும் 2019-இல் டெக்சசில் ஓர் இளைஞரும் கருவி வெடித்து இறந்தார்கள். 2021 ஜனவரியில் அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், 18650 பேட்டரியைத் தனியாக வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்றே பொதுமக்களுக்கு அறிவித்தது.

காயம் ஆறியபின் அந்த பேட்டரியை விற்ற கடைக்கு நானே போனேன். கடையின் பெயரை எழுதவில்லை, அந்த ஒரு கடையைப் பற்றிய கடிதம் அல்ல இது. கண்ணாடிப் பெட்டிக்குள் மிட்டாய் போல நிறம் நிறமாக அடுக்கியிருந்தார்கள், ஒன்று 18 வெள்ளி (ரிங்கிட்). எங்கிருந்து வருகிறது, தயாரிப்பாளரின் விவரத்தாள் இருக்கிறதா என்று கேட்டேன். நின்றிருந்த பையன், "அங்கிள், எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பேட்டரிக் கூடு ஒன்று கேட்டேன். இரண்டு மூன்று வெள்ளி பெறுமான பொருள், அந்தக் கடையில் இல்லை.

2024 அக்டோபர் 1 முதல் நம் மலேசியாவில் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் உள்ளது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது, இணையத்தில் விற்கக் கூடாது என்கிறது. நல்லது. வேப் கருவிக்குத் தரச் சோதனை செய்யும் சிரிம் நிறுவனத்தின் முத்திரையும் கேட்கிறோம். அந்த ஊதா நிற பேட்டரியின் மேல் எந்த முத்திரையும் இல்லை. கருவியை எவ்வளவு சோதித்து என்ன பயன், அதன் வயிற்றுக்குள் போவது யாரோ பிய்த்தெடுத்த குப்பையாக இருந்தால்? தனி பேட்டரி விற்கும் கடை, தயாரிப்பாளரின் விவரத்தாளைக் காட்ட வேண்டும், ஒவ்வொரு பேட்டரியையும் கூட்டில் போட்டே கொடுக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சும் உள்நாட்டு வாணிப அமைச்சும் கட்டாயமாக்க வேண்டும். முழுத் தடை வரப்போகிறது, பிறகு எதற்கு இதெல்லாம் என்று சிலர் கேட்கலாம். தடை வந்தால் கடைகள் மூடும். வீட்டு இழுப்பறைகளில் கிடக்கும் பேட்டரிகள் அங்கேயேதான் கிடக்கும், இல்லையென்றால் வீட்டுக் குப்பையோடு லோரியில் ஏறி அங்கே நசுங்கும். தூக்கிப் போடுவதாக இருந்தால் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

புகைக்காதவர்கள் வேப்பைத் தொடவே கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் அண்ணன் மகனிடமும் அதையும் விட்டுவிடச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் முழுதாக விடவில்லை. இப்போது பேட்டரி உள்ளேயே பொருத்திய சின்னக் கருவி வைத்திருக்கிறான், வோல்ட் திருகு இல்லாதது. பழைய பேட்டரிகள் நான்கு அவன் மேசை இழுப்பறையில் இருப்பதாக அண்ணி நேற்று போனில் சொன்னார். ஒன்றின் மேலுறை தலைப்பக்கம் கிழிந்திருக்கிறதாம். கை வைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்
ஓய்வுபெற்ற சார்ஜ்மேன், கிள்ளான்