நீல நோட்டீஸ்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்திக்குக் காது குத்தியது, தென்னையில் வெள்ளை ஈ விழுந்தது, பஸ் நிறுத்தத்தை ஒட்டியுள்ள டாஸ்மாக்கை எடுக்கச் சொல்லி கிராமசபையில் தீர்மானம் போட்டது எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தாய். கடைசியில், "உங்க ஊர்ல இதையெல்லாம் யாருப்பா முடிவு பண்றாங்க, கலெக்டரா?" என்று கேட்டிருந்தாய். எங்கள் தெருவிலும் இப்படி ஒரு விவகாரம் இப்போதுதான் முடிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே இங்கிலாந்தில், மது விற்க லைசென்ஸ் தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது உள்ளூர் கவுன்சில். நம் ஊர் நகராட்சி மாதிரி, மக்கள் தேர்ந்தெடுப்பது. முன்பு அந்த அதிகாரம் மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்தது. 2003-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2005 நவம்பரிலிருந்து கவுன்சில்களின் கைக்கு மாற்றிவிட்டார்கள். கவுன்சிலர்கள் மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். அவர்கள் பார்க்க வேண்டியவை நான்கே நான்கு: குற்றமும் கலாட்டாவும் கூடாது, மக்களுக்கு ஆபத்து வரக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கூடாது, பிள்ளைகளுக்குத் தீங்கு வரக் கூடாது. குடி நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எழாது. உடல்நலம் கெடுகிறது என்று சொல்லிக்கூட இங்கிலாந்தில் ஒரு லைசென்ஸை மறுக்க முடியாது. ஸ்காட்லாந்தில் அதை ஐந்தாவது காரணமாகச் சேர்த்திருக்கிறார்கள், இங்கே சேர்க்கவில்லை. உன் அண்ணனை எது கொண்டுபோனதோ, அதைப் பற்றிப் பேச அந்த அறையில் இடமில்லை. எனக்கு இது இன்றுவரை மனசுக்கு ஒப்பவில்லை.

சரி, எங்கள் தெருக் கதைக்கு வருகிறேன். நான் இருப்பது கிழக்கு லண்டனில், வெள்ளி சனி இரவுகளில் கூட்டம் நெரியும் பகுதிக்குப் பின்புறம். மூடிக் கிடந்த ஒரு துணிக்கடையின் கண்ணாடியில் வெளிர்நீலத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மது லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் கடை வாசலில் அந்த நீல நோட்டீஸை ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். 28 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதலாம். அதில் இருந்தது இதுதான்: சின்ன உணவகம், இரவு 2 மணி வரை மது, வாசலில் நின்று குடிக்கவும் அனுமதி வேண்டும்.

எங்கள் பகுதி, மதுக்கடைகள் ஏற்கெனவே நிறைந்துவிட்டதாகக் கவுன்சில் அறிவித்த வட்டாரம். 'கியூமுலேட்டிவ் இம்பாக்ட்' என்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கடை மேலும் பெரிய குறை இருக்காது. ஆனால் ஒரே நேரத்தில் எல்லாம் மூடி, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே தெருவில் இறங்கும்போது வரும் சத்தம், சண்டை, சுவரோரம் சிறுநீர் எல்லாவற்றுக்கும் எந்தக் கடையைப் பொறுப்பாக்குவது? அதனால் அந்த வட்டாரத்தில் புதிதாகக் கேட்பவர், தன்னால் இந்தத் தொல்லை அதிகமாகாது என்று தானே நிரூபிக்க வேண்டும். இந்த ஏற்பாடு வெறும் கொள்கையாகத்தான் இருந்தது. 2018-லிருந்து சட்டத்திலேயே இடம்பிடித்துவிட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆதாரத்தோடு மறுபரிசீலனையும் செய்ய வேண்டும்.

ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. யாருமே ஆட்சேபணை எழுதாவிட்டால், அந்த வட்டாரத்துக்குள்ளேயே கேட்டாலும், கவுன்சில் லைசென்ஸைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. போலீஸ் எழுதலாம், சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரிகள் எழுதலாம், குடியிருப்பவர்கள் எழுதலாம். யாராவது ஒருவர் எழுத வேண்டும். என்னைப் போல நிரந்தரமாகத் தங்கி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவன் எழுதிவிடுவான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறை மாறும் வாடகைக்காரப் பையன்களும், விடியற்காலையில் துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாக்களும் எழுதுவார்களா? தூக்கம் கெடுவது அவர்களுக்குத்தான். அந்த நீலத் தாளை நின்று படிக்க நேரமில்லாததும் அவர்களுக்குத்தான்.

எங்கள் கட்டடத்திலிருந்து நாலைந்து பேர் எழுதினோம். விசாரணையில் ஆளுக்கு ஐந்து நிமிடம். விண்ணப்பித்தது ஒரு இளம் தம்பதி. போட்ட பணமெல்லாம் அந்தக் கடையில்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர்களுக்காக ஒரு வக்கீல், தடிமனான ஃபைல். எங்கள் பக்கத்தில் எடுபட்டது மாடி வீட்டு நர்ஸம்மாவின் பேச்சுதான். அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து சத்தம் என்று தேதி வாரியாக. அதில் பாதி, காலிப் பாட்டில்களைத் தொட்டியில் கொட்டும் சத்தம். குடித்தவர்கள் போன பிறகு, கடைப் பையன்கள் பெட்டி பெட்டியாகக் கண்ணாடிப் பாட்டில்களை இரும்புத் தொட்டியில் கவிழ்ப்பார்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். தூங்கிய குழந்தை வீறிட்டு எழும், அப்புறம் விடியும்வரை தூங்காது. "இசையை நான் பொறுத்துக்கொள்வேன், இதை முடியாது" என்றார். மூன்று கவுன்சிலர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

தீர்ப்பு இப்படி வந்தது: லைசென்ஸ் உண்டு, ஆனால் இரவு 11 மணி வரைதான். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு மட்டுமே மது. குடிக்கும் கிளாஸோடு வெளியே வரக் கூடாது. புகைபிடிக்க ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வாசலில் நிற்கக் கூடாது. இரவு 11 முதல் காலை 7 வரை பாட்டில் கொட்டக் கூடாது. எனக்கு இது நியாயமாகவே பட்டது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். 2 மணிக் கணக்கில்தான் கடை வாடகையைப் போட்டிருந்தார்களாம்.

கவுன்சில் தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். இந்த விஷயத்தில் இரண்டு பழைய வழக்குகளைத் தேடிப் படித்தேன். மத்திய லண்டனில் சோஹோ பகுதியின் பெர்விக் தெருவில் எண்டியூரன்ஸ் என்று ஒரு பப். மாலையில் கூட்டம் கிளாஸோடு தெருவில் வழிந்து, மேலே குடியிருந்தவர்கள் புகார் செய்தார்கள். மாலை 6 மணிக்கு மேல் திறந்த கிளாஸோடு வெளியே போகக் கூடாது என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் நிபந்தனை போட்டது. பப் தரப்பு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2011-ல் தோற்றது. இந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று மதிப்பிடுவது உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் வேலை, அது தவறு என்று காட்ட வேண்டியது மேல்முறையீடு செய்பவர் என்றது நீதிமன்றம். இன்னொன்று 2008-ல், லிவர்பூல் பக்கத்து விர்ரலில் ஒரு பப் பற்றியது. அக்கம்பக்கத்தார் கலாட்டா வரும் என்று பயந்தார்கள், ஆனால் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. நேரத்தைக் குறைத்த உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் நர்ஸம்மாவின் நோட்டுப் புத்தகம் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது, மாப்பிள்ளை. இந்தக் கட்டுப்பாடெல்லாம் புதிதாக வருபவனுக்குத்தான். தெருமுனையில் விடியற்காலை 3 மணி வரை நடக்கும் பழைய கடையின் லைசென்ஸ் அப்படியே இருக்கிறது. புதிய லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம் என்றால் பழைய லைசென்ஸுக்கு விலை ஏறும், பணமுள்ளவன் அதை வாங்குவான். 2018-ல் லண்டனின் ஹாக்னி கவுன்சில், புதிய கடைகளுக்கு மூடும் நேரம் பொதுவாக வாரநாளில் இரவு 11, வெள்ளி சனியில் 12 என்று வைத்தது. கருத்துக் கேட்பில் பெரும்பாலோர் எதிர்த்தும் நிறைவேற்றினார்கள். அங்கே குடியிருப்பவர்களின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஏற்கெனவே தொல்லை கொடுப்பவனை மறுபடி விசாரணைக்கு இழுக்கும் வழியும் இதே சட்டத்தில் இருக்கிறது, அதை யார் அடிக்கடி செய்கிறார்கள்? 2016-ல் ஃபேப்ரிக் என்ற பெரிய இரவு விடுதியில் இரண்டு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் போதை மருந்தால் செத்த பிறகு, இஸ்லிங்டன் கவுன்சில் லைசென்ஸைப் பறித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த நவம்பரில் சமரசமாகி, 32 புதிய நிபந்தனைகளோடு 2017 ஜனவரியில் திறந்தார்கள். அப்படிப்பட்ட கண்டிப்பு ஓர் உயிர் போவதற்கு முன்பே வர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். அந்த இளம் தம்பதியிடம் காட்டிய கறாரில் பாதியையாவது தெருமுனைக் கடையிடம் காட்டினால், எங்கள் தெரு இன்றிரவே நிம்மதியாகத் தூங்கும்.

உங்கள் நிலைமை வேறுதான். இங்கே விற்பவன் தனியார், தீர்மானிப்பது கவுன்சில். அங்கே 2003-லிருந்து சில்லறை விற்பனையே அரசின் கையில். கோயிலுக்கும் பள்ளிக்கும் மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்று டேப் வைத்து அளப்பதோடு முடிந்துவிடுகிறது. 101-வது மீட்டரில் நிற்கும் கடையால் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் படும் பாட்டை அந்த டேப் காட்டுமா? அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தீர்மானத்தில் "பெண்களுக்கு இடைஞ்சல்" என்று பொதுவாக எழுதியதோடு விட்டுவிட்டீர்களா, அல்லது என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்று எழுதினீர்களா? இல்லையென்றால் இப்போதே ஒரு நோட்டு போடச் சொல். பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் அக்கா சாயங்காலம் முழுக்க அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார், அவர் சொல்லச் சொல்லக் கல்லூரிப் பிள்ளை யாராவது எழுதட்டும். கலெக்டரிடம் மனு கொடுக்கும்போது அதன் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு நகல் எனக்கும் அனுப்பு.

தென்னைக்கு வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தாயா? உன் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் எழுது. தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழன்