டிவிடியின் உச்சம் போய்விட்டது. பீரோவில் இருப்பதை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த டிவிடி பற்றிய கட்டுரையைப் படித்தேன். டிவிடியின் காலம் முடிந்துவிட்டது என்ற முடிவில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "எல்லாம்தான் ஓடிடியில் இருக்கிறதே, வீட்டில் கிடக்கும் டிஸ்க்குகளை எடைக்குப் போட்டுவிடலாம்" என்று கடைசியில் சொல்லியிருக்கும் யோசனை பெரிய இழப்பில் கொண்டுபோய் விடும். அதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உச்சம் போனதில் சந்தேகமே வேண்டாம். டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் அதன் பிறகும் பல ஆண்டுகள் விசிடி ராஜ்யம்தான்: 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட மங்கலான படம், ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று டிஸ்க். 2007-ல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியபோதுதான் சாதாரணக் குடும்பமும் அசல் டிஸ்க்கை விலை கொடுத்து வாங்க முடிந்தது. அதே நிறுவனம் 2018-ல் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. இடையில் 2015-ல் இயக்குநர் சேரன் சி2எச் (சினிமா டு ஹோம்) திட்டத்தின் மூலம் புதுப் படத்தையே 50 ரூபாய் டிவிடியாக வீட்டுக்குக் கொண்டுவர முயன்றார். நல்ல முயற்சி, ஆனால் சில ஆண்டுகள் தாமதம். அமெரிக்காவில் டிவிடியைத் தபாலில் அனுப்பியே வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பர் 29-ல் கடைசி டிஸ்க்கை அனுப்பி அந்தச் சேவையை மூடிவிட்டது.

டிவிடிக்கு அடுத்து வந்த உயர்தர டிஸ்க்கான ப்ளூரேயையும் கட்டுரை இதே கணக்கில் சேர்த்தது சரியல்ல. நம் நாட்டில் அது உச்சத்துக்கு வரவே இல்லை. தரத்தில் இன்றும் அதுதான் மேல். டிவிடியில் படத்துக்கு விநாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட், சாதாரண ப்ளூரேயில் 40. பெரிய திரையும் நல்ல ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இருட்டுக் காட்சி ஒன்றிலேயே தெரிந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் எல்லா டிஸ்க்கையும் ஒன்றாக நினைத்துவிட்டார். கடையில் வாங்கிய படத்தின் டிஸ்க் தொழிற்சாலையில் அச்சிட்டது. அதில் தகவல் என்பது பிளாஸ்டிக்கிலேயே பதிந்த குழிகள். கல்யாண டிவிடி, காதுகுத்து டிவிடி, பள்ளி ஆண்டுவிழா டிவிடி இவையெல்லாம் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் ரைட் செய்தவை. இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே ஒரு சாயப் பூச்சு இருக்கும். லேசர் அதைச் சுட்டு உண்டாக்கிய தடயங்கள்தான் உங்கள் வீட்டுக் கல்யாணம். வெயில், வெப்பம், ஈரம் மூன்றும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. ஓரத்தில் பசை விட்டுப்போனால் உள்ளே காற்றுப் புகுந்து வெள்ளிப் பூச்சும் கறுக்கும். முதல் வகை தொலைந்தால் படத்தை வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வகைக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. இடப் பற்றாக்குறையால், டெலிவரி முடிந்த சில மாதங்களில் கேமரா பதிவை அழித்துவிடுவதுதான் பெரும்பாலான ஸ்டூடியோக்களின் வழக்கம்.

கல்யாண டிவிடி கடைசிக் கால் மணி நேரத்தில் வந்து நின்றுவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. டிவிடியில் தகவல் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி எழுதப்படுகிறது. வேகமாக ரைட் செய்யும்போது ஓரத்தில்தான் வேகம் உச்சத்துக்குப் போகும். எழுத்துத் தரமும் அங்கேதான் குறையும். விரல் படுவதும் ஓரத்தில்தான். இதற்கு மேல் மணமக்கள் படம் போட்ட வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். காகிதம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது ஒரு பக்கமாக இழுக்க, டிஸ்க் லேசாக வளையும். அந்த வளைவும் ஓரத்தில்தான் அதிகம், லேசர் அங்கே ஃபோகஸ் இழந்துவிடும். மிக்ஸிங் முடித்து மூன்று மணி நேரத்தை ஒரே 4.7 ஜிபி டிஸ்க்கில் திணித்திருந்தால் கடைசி ஓரம் வரை நிரம்பியிருக்கும். அதனால்தான் வரவேற்புக் காட்சி தடையில்லாமல் ஓடி, தாலி கட்டும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அந்த ஸ்டிக்கரை உரிக்க மட்டும் முயலாதீர்கள். தகடே பிரிந்து வந்துவிடலாம்.

காப்பி எடுக்கும் முறை இது. முதலில் சுத்தம் செய்யுங்கள். ஒரு சொட்டு லேசான சோப்பும் தண்ணீரும் போதும்; மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து ஒரு கீறல் விழுந்தால் அது தடத்தின் போக்கிலேயே நீளமாக ஓடி, டிஸ்க்கின் பிழைதிருத்தத் திறனையும் தாண்டிவிடும். குறுக்கே விழும் கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். பற்பசை, மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் கிட்டே வரக் கூடாது.

அடுத்தது டிரைவ். லேப்டாப்புக்கான மெல்லிய யுஎஸ்பி டிரைவை விட, பழைய டெஸ்க்டாப்பின் பெரிய டிரைவைத் தனி பவர் உள்ள அடாப்டரில் மாட்டுவது நல்லது. இரண்டு வேறு கம்பெனி டிரைவ்கள் கையில் இருக்கட்டும். ஒன்று படிக்க மறுத்த டிஸ்க்கை இன்னொன்று தடையில்லாமல் படிப்பது அடிக்கடி நடக்கும்.

டிஸ்க்கில் உள்ள கோப்புகளை இழுத்துப் போட்டு காப்பி செய்யாதீர்கள். டிவிடியில் படம் அடங்கியிருக்கும் ஒவ்வொரு விஓபி கோப்பும் ஒரு ஜிபி வரை இருக்கும். நடுவில் ஒரே இடத்தில் பிழை வந்தாலும் மொத்தக் கோப்பும் நின்றுபோகும். டிஸ்க்கை முழுதாக ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது டிஸ்க்கின் அச்சு நகலான ஒரே கோப்பாக, எடுக்க வேண்டும். பழுதான டிஸ்க்குக்கு லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருள்தான் சரி. துண்டின் அளவை 2048 பைட் என்று கொடுங்கள். அது முதலில் நல்ல பகுதியை எல்லாம் அள்ளிக்கொண்டு, படிக்க முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும், பிறகு திரும்பி வந்து அந்த இடங்களை மட்டும் முயலும். அதே வரைபடக் கோப்போடு டிஸ்க்கை இரண்டாவது டிரைவில் போட்டால் விட்டுப்போன ஓட்டைகள் மட்டும் நிரம்பும். நல்ல டிஸ்க் கால் மணி நேரத்தில் முடியும். மோசமானது ராத்திரி முழுக்க ஓடலாம், ஓடவிடுங்கள். சேமிக்க இடம் போதுமா என்று கவலைப்பட வேண்டாம்: ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருநூறு டிவிடிகள் அடங்கும்.

ஐஎஸ்ஓவை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்குத் தனியாக ஒரு எம்பி4 செய்துகொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264 வீடியோ முறை, தர எண் 18 முதல் 20 வரை. இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர் கல்யாண டிவிடிகள் பெரும்பாலும் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில், விநாடிக்கு 25 ஃபிரேம், 50 அரை ஃபிரேம்களாகப் பின்னிப் பதிந்தவை. அப்படியே மாற்றினால், அட்சதை தூவும் கைகளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் போல வரிவரியாகத் தெரியும். இந்தப் பின்னலைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில் பாப் (Bob) முறையைத் தேர்ந்தெடுத்து விநாடிக்கு 50 ஃபிரேமாக மாற்றினால் அசைவு அசலில் இருந்ததுபோலவே வழுக்கிக்கொண்டு வரும். 576 வரிகளை 1080 ஆக ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. அதை டிவியே பார்த்துக்கொள்ளும். 4:3 படத்தைத் திரைக்கு ஏற்ப இழுத்து நிரப்பாதீர்கள், எல்லோர் முகமும் அகன்றுவிடும்.

ஐஎஸ்ஓக்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் உள்ள பிள்ளை வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவை நம்பி வைக்காதீர்கள். திரும்பவும் டிஸ்க்கிலேயே ரைட் செய்து வைத்தால் சில ஆண்டுகளில் இதே வேலை மறுபடி வரும். அதற்கான டிஸ்க் கிடைப்பதும் குறைந்துவருகிறது: பதிவு செய்யும் ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

விஎச்எஸ் கேசட் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இதைவிட மோசம். கேசட்டை ஓட்டும் டெக்கைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்தியது. இப்போது ஓடுவதெல்லாம் பழைய டெக்குகள். கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

அசல் படங்களின் டிவிடிக்கும் இரண்டு வரி. பால் டிவிடியில் சினிமாவின் 24 ஃபிரேம் 25 ஆக ஓடுவதால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், பாட்டின் சுருதியும் சற்று ஏறியிருக்கும். இந்த விஷயத்தில் ஓடிடிதான் சரி. ஆனால் உரிமம் முடிந்தால் ஓடிடியிலிருந்து படம் சொல்லாமல் போய்விடும். அதனால் அரிய பழைய படம் டிஸ்க்கில் இருந்தால் அதையும் எடைக்குப் போடாமல் இருப்பதே நல்லது.

ஒரு எச்சரிக்கை பாக்கி. 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடியில் பதிந்த கேம்கோடர்களும், டிவியிலிருந்து நேராகப் பதிந்த டிவிடி ரெக்கார்டர்களும் ஒரு காலத்தில் நிறைய விற்றன. அவற்றில் ஃபைனலைஸ் செய்யாத, அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்துவைக்காத, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் காலி டிஸ்க் என்றே காட்டும். அதை நம்பித் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. பதிந்த அதே கருவியில் போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுத்தால் உயிர் வரும். எனவே பழைய கேம்கோடரையும் ரெக்கார்டரையும் அதன் சார்ஜரோடு கடைசி டிஸ்க் காப்பி ஆகும்வரை வைத்திருங்கள். இந்த ஒரு பத்தியையாவது கட்டமிட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டர் ஒருவர்,
கோயம்புத்தூர்