மிகை வெப்பம்: வெற்று ஓட்டத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் அணுக்கரு இணைவை (அறை வெப்பநிலையிலேயே, ஒரு மின்னாற்பகுப்புக் கலத்துக்குள் அணுக்கருக்கள் இணைந்து, கொடுத்த மின்சாரத்தைவிட அதிக வெப்பம், அதாவது மிகை வெப்பம், வருகிறது என்ற கூற்றை) வீட்டு மேசையில் செய்து பார்ப்பவர்களைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஒருவர் அவர்களை வேலையற்றவர்கள் என்கிறார். இன்னொருவர், உண்மை வெளியே வந்தால் எண்ணெய்க் கம்பெனிகள் படுத்துவிடும், அதனால்தான் எல்லாரும் சேர்ந்து அமுக்குகிறார்கள் என்கிறார். இருவருமே அப்படி ஒரு கலத்தை ஒரு நாளாவது ஓட்டிப் பார்த்ததில்லை என்று தெரிகிறது. நான் ஓட்டியிருக்கிறேன், மூன்று வருடமாக. வேலையற்றவன் என்பதும் பொய்யில்லை. ஓய்வுபெற்றவன்தான்.

31 வருடம் ஒரு தொழிற்சாலையின் காலிப்ரேஷன் பிரிவில் இருந்தேன். வெப்பமானி, அழுத்தமானி, ஓட்டமானி எல்லாம் என் மேசைக்கு வந்து, எவ்வளவு பொய் சொல்கின்றன என்று சீட்டு வாங்கிக்கொண்டு போகும். கருவி காட்டும் எண்ணை உடனே நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நானே பதினெட்டு நாள் ஏமாந்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1989 மார்ச் 23-ஆம் தேதி யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மனும் ஸ்டான்லி பான்ஸும் செய்தியாளர்களைக் கூட்டி குளிர் இணைவை அறிவித்தபோது அவர்கள் கையில் இருந்தது பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும், டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொண்ட கனநீரும். இரண்டுமே என் போன்றவர்கள் நினைத்தவுடன் வாங்கக்கூடிய சரக்கு இல்லை. 1991-இல் ராண்டல் மில்ஸ் என்பவர் நிக்கல், சாதாரணத் தண்ணீர், பொட்டாசியம் கார்பனேட் இவற்றை வைத்தே மிகை வெப்பம் வருவதாக எழுதினார். (அவர் அதை இணைவு என்று சொல்லவில்லை. ஹைட்ரஜன் அணு வழக்கத்தைவிடச் சுருங்கிப்போவதாகச் சொன்னார். அது தனிக்கதை.) மேசைச் சோதனைக்காரர்களில் பலர் நிக்கலில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். நானும் என் நண்பரும் அப்படித்தான் தொடங்கினோம். அவர் இன்வெர்ட்டர் பழுதுபார்ப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

எங்கள் கலம் ஒரு கண்ணாடி ஃபிளாஸ்க். உள்ளே நிக்கல் வலை எதிர்மின்வாய், பிளாட்டினம் பூசிய கம்பி நேர்மின்வாய், பொட்டாசியம் கார்பனேட் கரைசல், வெப்பநிலையை அளக்க இரண்டு தெர்மிஸ்டர். முதலில் அதே கரைசலுக்குள் ஒரு மின்தடையை இறக்கி 0.2, 0.4, 0.6, 0.8 வாட் என்று கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சூடு ஏறி நிலைக்கிறது என்று குறித்தோம். 0.1 வாட்டுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி. சூடு ஏறி நிலைகொள்ள ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். இந்த வேலையில் பொறுமை இல்லாதவர்களுக்கு இடமில்லை.

பிறகு மின்தடையை அணைத்துவிட்டு மின்னாற்பகுப்பைத் தொடங்கினோம். 0.25 ஆம்பியர், 3.2 வோல்ட். ஆக உள்ளே போவது 0.80 வாட். இதில் ஒரு பங்கு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதற்குச் செலவாகி, வாயுவோடு வெளியே போய்விடும். அந்தக் கணக்குக்கு 1.48 வோல்ட்டை மின்னோட்டத்தால் பெருக்க வேண்டும், 0.37 வாட் வரும். மீதி 0.43 வாட்தான் கலத்துக்குள் சூடாக வேண்டும். எங்கள் ஃபிளாஸ்க் காட்டியது 0.52.

"வந்துருச்சு அண்ணே" என்றார் நண்பர். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு தூங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் "மிகை 21%" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கம் இருக்கிறது.

21 சதவீதம் என்று எழுதிய கை, பக்கத்திலேயே இன்னொரு வரியை எழுதவில்லை: உள்ளே போனது 0.80, சூடாக வெளியே வந்தது 0.52. எங்கள் கலம் வாங்கியதைவிட அதிகமாக எதையும் கொடுக்கவில்லை. "வாயு எல்லாம் வெளியே போய்விட்டது" என்ற ஊகத்தைக் கழித்த பிறகுதான் மிகை என்ற ஒன்று பிறக்கிறது. அந்த ஊகத்தை நாங்கள் அளக்கவே இல்லை. உங்கள் கட்டுரையில் வந்த மிகை வெப்பச் சதவீதம் எதிலிருந்து எதைக் கழித்து வந்தது என்று அதில் இல்லை. படித்ததும் எனக்குப் பழைய நோட்டுப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

பதினெட்டாம் நாள்தான் ஒரு யோசனை வந்தது. கலத்திலிருந்து வரும் வாயுவை ஒரு குழாய் வழியாக, தண்ணீரில் கவிழ்த்த அளவுசாடிக்குள் விட்டோம். 0.25 ஆம்பியருக்கு மணிக்கு 170 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் சேர வேண்டும். பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான், பெரிய வித்தை இல்லை. சேர்ந்தது 130. மீண்டும் செய்தோம், 131. குழாய் ஒழுகுகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். ஒழுகவில்லை.

காணாமல் போன 40 மில்லிலிட்டர் எங்கே? கலத்துக்குள்ளேயே. நேர்மின்வாயில் பிறந்த ஆக்சிஜனில் ஒரு பகுதி கரைசலில் கரைந்து நிக்கல் வலையை எட்டி, அங்கேயே மறுபடி தண்ணீராகியிருக்கிறது. அப்படி ஆகும்போது, பிரிப்பதற்குச் செலவான ஆற்றல் சூடாகத் திரும்பிவிடும். 170-இல் 40 என்றால் 0.37 வாட்டில் ஏறத்தாழ 0.09 வாட். எங்கள் "மிகை" எவ்வளவு? 0.52-இல் 0.43 போக 0.09. நண்பர் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தார். நேர்மின்வாயைச் சுற்றி ஒரு கண்ணாடிக் குழாயை இறக்கி ஆக்சிஜன் குமிழிகள் தனியாக மேலேறும்படி செய்ததும், இரண்டு நாளில் ஃபிளாஸ்க் 0.44-க்கு வந்துவிட்டது.

பிறகுதான் தெரிந்தது, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று 1995-லேயே இதைக் கட்டுரையாக எழுதியிருக்கிறது என்று. முதலிலேயே படித்திருந்தால் பதினெட்டு நாள் மிச்சம். ஆனாலும் அந்த அளவுசாடியை நாங்களே கவிழ்த்தோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இனி, வேலையற்றவர்கள் என்று எழுதிய வாசகருக்கு. ஃபிளைஷ்மன் ஏமாற்றுப் பேர்வழியாக வந்தவர் அல்ல. மின்வேதியியலில் உலகம் மதித்தவர், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அவர் அறிவித்த சில வாரங்களில் எத்தனையோ பெரிய ஆய்வகங்கள் அதே கலத்தைக் கட்டின. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் கட்டினார்கள், இணைவின் அடையாளமான நியூட்ரானும் டிரிட்டியமும் (கதிரியக்க ஹைட்ரஜன்) தென்பட்டதாக அறிக்கையும் தந்தார்கள். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்து நேதன் லூயிஸ் குழு எதுவும் கிடைக்கவில்லை என்றது. 1989 மே மாதம் பால்டிமோரில் நடந்த இயற்பியலாளர் கூட்டத்தில் அவர் கிளப்பிய கேள்விகளில் ஒன்று: கரைசலைக் கலக்காமல் ஓரிடத்தில் வெப்பமானியை வைத்தால், அது கலம் முழுவதின் வெப்பநிலை ஆகுமா? பான்ஸ் தரப்பு, குமிழிகளே போதுமான அளவு கலக்கிவிடுகின்றன என்றது. வெப்பமானியை எங்கே வைப்பது என்று உலகப் புகழ்பெற்றவர்களே அடித்துக்கொண்ட விஷயம் இது. வீட்டு மேசைக்காரன் தடுமாறினால் சிரிக்க என்ன இருக்கிறது?

அமுக்குகிறார்கள் என்று எழுதிய வாசகருக்கும் ஒன்று. இரண்டு டியூட்டீரியக் கருக்கள் சேர்ந்தால் வழக்கமாக ஏறத்தாழ பாதித் தடவை ஹீலியம்-3-உம் நியூட்ரானும் வரும், மீதித் தடவை டிரிட்டியமும் புரோட்டானும் வரும். ஒரே ஒரு வாட் மிகை வெப்பம் அந்த வழியில் வந்திருந்தால்கூட நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் கிளம்பியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அளவெடுத்தவர் பிழைத்திருக்க மாட்டார். இல்லை, இது வேறு வகை இணைவு, நியூட்ரான் வராது என்று சொல்லலாம். சொல்கிறார்கள். அப்படியென்றால் சூடு ஒன்றுதான் சாட்சி. சாட்சி ஒன்றே ஒன்று என்றால் குறுக்கு விசாரணையும் அந்த அளவுக்குக் கடுமையாக வேண்டாமா? அப்புறம், அமுக்குவதாக இருந்தால் கூகுள் எதற்காகப் பணம் போட வேண்டும்? அந்த நிறுவனத்தின் நிதியில் முப்பது பேர் அளவிலான ஆய்வாளர் குழு சில வருடம் வேலை செய்து 2019-இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டது. நிக்கல் போன்ற உலோகப் பொடிகளை ஹைட்ரஜனில் சூடாக்கி 420 மாதிரிகளைப் பார்த்தார்கள். ஒன்றில்கூட மிகை வெப்பத்துக்குச் சான்றில்லை.

மேசைக்காரர்கள் எப்போதும் ஏமாறுகிறவர்கள் என்றும் எண்ண வேண்டாம். 2014-இல் மிகை வெப்பம் தருவதாகச் சொல்லி ஆண்ட்ரியா ரோசி என்ற இத்தாலியர் செய்த கருவியைச் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 32 நாள் ஓட்டிப் பார்த்த இத்தாலிய, சுவீடன் பேராசிரியர்கள், உள்ளே போனதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் வந்ததாக அறிக்கை தந்தார்கள். அவர்கள் வெப்பநிலையை எடுத்தது வெப்பக் கேமராவால். கேமராவுக்கு, பார்க்கும் பரப்பின் உமிழ்திறன் (ஒரு சூட்டில் அது எவ்வளவு வெப்பக் கதிரை வெளிவிடும் என்ற அளவு) எவ்வளவு என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். கருவியின் உறை அலுமினா என்ற பீங்கான் வகை. எல்லா அலைநீளங்களுக்கும் சேர்த்த அலுமினாவின் உமிழ்திறன் அந்தச் சூட்டில் 0.4 அளவில் இருக்கும். ஆனால் கேமரா பார்க்கும் அகச்சிவப்புப் பட்டையில் மட்டும் எடுத்தால் 0.9-க்கு மேல். பேராசிரியர்கள் முதல் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். கேமரா சொன்னதைக் கேட்டு, வந்த வெளிச்சத்துக்கு மிக அதிகமான வெப்பநிலையைக் கணக்கிட்டுத் தந்தது. கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால், பிழை அப்படியே வெப்பக் கணக்கில் ஊதிப் பெருகிவிட்டது.

இதைப் பிடித்தவர்களில் முன்னால் நின்றவர்கள் பொழுதுபோக்குச் சோதனைக்காரர்களும் தன்னார்வலர்களும்தான். மார்ட்டின் ஃபிளைஷ்மன் நினைவுத் திட்டம் என்ற குழு அதே வடிவத்தில் ஓர் உறையைச் செய்து, உள்ளே எரிபொருள் எதுவும் போடாமல் மின்சாரத்தால் மட்டும் சூடாக்கி, கேமராவையும், தொட்டு அளக்கும் வெப்பமானியான தெர்மோகப்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பிழை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கவனியுங்கள், இவர்கள் குளிர் இணைவு உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். குழுவின் பெயரே சொல்கிறதே. ஆசைப்பட்டவர்களே வெற்று ஓட்டத்தை ஓட்டிப் பார்த்து, அளவுகளைப் பொதுவில் வைத்தார்கள். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இடம் கிடைத்திருக்கலாம்.

வெற்று ஓட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்: கலம், கம்பி, கருவி, மின்சாரம் எல்லாம் அதே, அதிசயம் செய்வதாகச் சொல்லும் அந்த ஒரு பொருள் மட்டும் இல்லாமல் ஓட்டுவது. பார்க்க ஒன்றும் இருக்காது. படம் எடுக்க முடியாது. அதனால்தான் பத்திரிகையில் வருவதில்லை. துடிப்பாக வரும் மின்சாரத்தைச் சாதாரண மல்டிமீட்டரால் அளந்து உள்ளே போனதைக் குறைத்துக் கணக்குப் போடுவது, நீராவியோடு துளியாகத் தெறித்த தண்ணீரையும் கொதித்து ஆவியானதாகக் கொண்டு கிராமுக்கு 2257 ஜூல் போட்டுவிடுவது என்று நான் பார்த்த மற்ற பிழைகள் எல்லாமே ஒழுங்கான வெற்று ஓட்டத்தில் மாட்டிக்கொள்ளும். எங்கள் பிழைதான் கொஞ்சம் கள்ளத்தனமானது. மின்தடையை வைத்து நாங்கள் செய்த வெற்று ஓட்டத்தில் வாயுவே இல்லை என்பதால் அதில் அது தெரியவில்லை. நிக்கலுக்குப் பதில் வேறு உலோகத்தைப் போட்டு ஓட்டியிருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது சிறியது. இனி இப்படி ஒரு செய்தி வந்தால் நிருபரை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: வெற்று ஓட்டத்தில் எவ்வளவு வந்தது? பதில் ஓர் எண்ணாக இருந்தால் அதையும் பக்கத்தில் அச்சிடுங்கள். பதில் இல்லையென்றால், இல்லை என்று அச்சிடுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு கலத்தை இறுக்கி மூடி, வாயு போக வழியே இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீராகும் அதே விகிதத்தில் கலந்து நிற்கும் வாயு அது. ஒரு பொறி போதும். 1992 ஜனவரியில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில் இத்தகைய கலம் ஒன்று வெடித்து ஒரு மின்வேதியியலர் இறந்தே போனார். அவர் கற்றுக்குட்டி அல்ல. மூடிய கலம் வேண்டுமென்றால் உள்ளே வினையூக்கியும், மேலே அழுத்தம் வெளியேற வழியும், முன்னால் தடுப்புப் பலகையும் இருந்தாக வேண்டும். படத்தைப் பார்த்து யாராவது செய்துவிடும் முன் இதை மட்டுமாவது போட்டுவிடுங்கள்.

நாங்கள் இப்போது ஓட்டுவது அப்படிப்பட்ட மூடிய கலம்தான். பிரிந்த வாயு முழுக்க வினையூக்கியில் மறுபடி தண்ணீராகிவிடுவதால் கழிப்பதற்கு எதுவும் இல்லை. உள்ளே போனது எல்லாம் சூடாக வந்தாக வேண்டும், கூடுதலாக வந்தால் அது கூடுதல்தான். எங்கள் அளவில் 0.02 வாட் வரை முன்பின் இருக்கும். நேற்றோடு நாற்பத்தொரு நாள். இன்று காலை நண்பர் குறித்தது: உள்ளே 0.81, வெளியே 0.80.

இப்படிக்கு,
காலிப்ரேஷன் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற வாசகன்